நின்று நின்று வரும் குரல்

குடியாத்தத்தில் வைகாசி முதல் நாள் என்றால் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. தரணம்பேட்டை முத்தியாலம்மன் கோயிலில் புறப்படும் அம்மன் சிரசு கோபாலபுரம் போய்ச் சேரும்வரை தெருவுக்குத் தெரு மைக் செட் பாடிக்கொண்டிருக்கும். அக்னி நட்சத்திர வெயில், ஜெனரேட்டர் கரன்ட், கூட்டம் கிளப்பும் புழுதி. மைக்குகளின் குரலைக் கலந்து தரும் ஒரு மிக்சருக்கு இதைவிடக் கடினமான பரீட்சை கிடையாது. கைமாறி வந்த பழைய மிக்சராக இருந்தால் உச்சிவெயிலில் ஒரு சேனல் சன்னமாகி, கரகரத்து, நின்றுவிடும். ஆபரேட்டர் பக்கவாட்டில் ஒரு தட்டு தட்டுவார். குரல் திரும்பும். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் போகும். மறுநாள் மெக்கானிக் மேசையில் அதே மிக்சர் காலையிலிருந்து மாலைவரை ஒரு பிசிறில்லாமல் பாடும். பழுதே இல்லை என்பார் மெக்கானிக். இருக்கிறது என்பார் சவுண்ட் சர்வீஸ்காரர். இருவர் சொல்வதும் உண்மைதான்.

இப்படி வந்து வந்து போகும் கோளாறு ஒன்றுக்காகவே நல்ல மிக்சர்கள் பல அடிமாட்டு விலைக்குப் போகின்றன. வாங்கியவரும் ஒரு சீசன் போராடிவிட்டுக் காயலான் கடையில் போடுகிறார். எனக்கு இதில் நிஜமான வருத்தம் உண்டு. ஏனென்றால் இந்த மிக்சர்களில் பெரும்பாலும் எந்த உதிரிபாகமும் செத்திருக்காது. இரண்டு உலோகங்கள் தொட்டுக்கொள்ளும் ஏதோ ஓர் இடத்தில் கண்ணுக்குத் தெரியாத படலம் ஒன்று படிந்திருக்கும். அது எப்போது மின்சாரத்தை விடும், எப்போது மறிக்கும் என்பதற்குத் தெளிவான இயற்பியல் இருக்கிறது. அது புரிந்துவிட்டால், கோளாறு தலைகாட்டும் நேரத்தை வைத்தே அது எங்கே இருக்கிறது என்று பெருமளவு சொல்லிவிடலாம். மூடியைக் கழற்றுவதற்கு முன்பே.

1954இல் முதலமைச்சரான காமராஜர் இடைத்தேர்தலில் நின்று வென்ற தொகுதி குடியாத்தம். அந்தக் காலத்து மேடைக்கு ஒரு மைக், ஒரு வால்வ் ஆம்ப்ளிபயர், உயரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர்கள். பேசுபவரின் வாய்க்கும் குழாய்க்கும் நடுவே உலோகமும் உலோகமும் தொடும் இடங்கள் குறைவு. இன்றைய 16 சேனல் மிக்சரில் ஒரே ஒரு குரல் கடக்கும் வழியைப் பாருங்கள். மைக்கின் அடியில் மூன்று பின், கேபிளின் மறுமுனையில் மூன்று பின், கெயின் குமிழ், இன்சர்ட் ஜாக், டிரெபிள், மிட், பாஸ் குமிழ்கள், மியூட் சுவிட்ச், ஃபேடர், பேன் குமிழ், சேனல் பலகையை மெயின் பலகையோடு சேர்க்கும் ரிப்பன் கேபிள், மெயின் ஃபேடர், கடைசியாக வெளியே போகும் ஜாக். ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று தொடுமிடங்கள். இவற்றில் ஏதாவது ஒன்று தயங்கினால் போதும்.

தொடுமிடம் என்று நாம் நினைப்பதும் வேறு, மின்சாரத்துக்குக் கிடைப்பதும் வேறு. பளபளவென்று தேய்த்த உலோகம்கூட நுண்ணோக்கியில் மேடும் பள்ளமுமாகவே இருக்கும். இரண்டு தகடுகளை அழுத்தினால் மேட்டு உச்சிகள் முட்டிக்கொள்ளும் சில புள்ளிகளில் மட்டுமே உண்மையான தொடுகை ஏற்படுகிறது. மின்சாரம் முழுவதும் அந்தப் புள்ளிகள் வழியாகவே நெருக்கிக்கொண்டு போக வேண்டும். மின்தொடுகையை அறிவியலாக வளர்த்தெடுத்த ஸ்வீடன் நாட்டு இயற்பியலாளர் ராக்னர் ஹோல்ம் இந்தப் புள்ளிகளைத்தான் தன் வாழ்நாளெல்லாம் ஆராய்ந்தார். மிக்சரைத் தட்டினால் குரல் திரும்புவது ஏன் என்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறது. தட்டும் அதிர்வில் தகடு ஒரு மயிரிழை நகர்கிறது. பழைய புள்ளிகள் விலகி, படலம் படியாத புதிய புள்ளிகள் முட்டிக்கொள்கின்றன. அவற்றிலும் படலம் படியும்வரை அல்லது அடுத்த அதிர்வுவரை பாட்டு ஓடும்.

அந்தப் படலத்தின் தடிமன் சில நானோமீட்டரிலிருந்து சில பத்து நானோமீட்டர் வரை. இவ்வளவு மெல்லிய ஆக்சைடு படலத்தைத் துளைக்க, தோராயமாக ஒரு நானோமீட்டருக்குப் பத்தில் ஒரு பங்கு வோல்ட் வேண்டும். பத்து நானோமீட்டர் என்றால் ஒரு வோல்ட். வீட்டு லைட் சுவிட்சுக்குள்ளும் இதே படலம் படிகிறது. ஆனால் அங்கே 230 வோல்ட் நிற்கிறது. போடும்போதெல்லாம் படலத்தைக் கிழித்துக்கொண்டு மின்சாரம் போய்விடும், நமக்குத் தெரிவதே இல்லை. டைனமிக் மைக்கிலிருந்து வரும் குரலோ ஒன்றிரண்டு மில்லிவோல்ட். மிக்சரின் முன்பெருக்கி அதை 60 டெசிபெல், அதாவது ஆயிரம் மடங்குவரை உயர்த்தினால்கூட ஏறக்குறைய ஒரு வோல்ட்தான். துளைக்கும் அளவுக்குச் சற்றே கீழே, அல்லது சற்றே மேலே. வந்து வந்து போவதன் சூட்சுமம் இதுதான். குரல் ஓங்கினால் படலம் உடைந்து, அந்தத் துளையில் உலோகம் மெல்லிய பாலமாகச் சேர்ந்துகொள்கிறது. குரல் தாழ்ந்தால் படலம் ஜெயிக்கிறது.

எனவே நாதஸ்வரம் வாசிக்கும்வரை ஒரு கோளாறும் இல்லை, அறிவிப்பாளர் மெதுவாகப் பேச ஆரம்பித்தவுடன் சேனல் மங்குகிறது என்று யாராவது சொன்னால், ஈயப்பற்று விட்டுப்போயிருக்குமோ என்று தேட வேண்டாம். படலத்தைத் தேட வேண்டும். முழுதாக விட்டுப்போன பற்றுக்குச் சத்தமும் ஒன்றுதான், மெல்லிய குரலும் ஒன்றுதான்.

இந்த லூஸ் கான்டாக்டுக்குப் பெருமைக்குரிய ஒரு வரலாறு உண்டு. 1879இல் லண்டனில் டேவிட் ஹியூஸ் என்பவர் தன் கருவியில் சோதனை செய்துகொண்டிருந்தார். தொலைபேசிக் காதுக்குழலில் காரணமில்லாமல் 'டிக் டிக்' என்று கேட்டது. தேடிப்போனவர் சுற்றில் ஒரு லூஸ் கான்டாக்டைக் கண்டார். பலர் அதை இறுக்கிவிட்டு வேலையைப் பார்த்திருப்பார்கள். ஹியூஸ் அதைப் பின்தொடர்ந்தார். அறையில் தீப்பொறி எழும்போதெல்லாம், கம்பித் தொடர்பே இல்லாத தூரத்தில் இருக்கும் அந்தத் தளர்ந்த தொடுகை சத்தமிட்டது. காதுக்குழலைக் காதில் வைத்துக்கொண்டு கிரேட் போர்ட்லண்ட் தெருவில் ஏறக்குறைய 500 கஜம்வரை நடந்தபடி கேட்டார். அவர் கேட்டது ரேடியோ அலையை. ஹெர்ட்ஸ் அதை நிரூபிப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன். 1880இல் பார்க்க வந்த ராயல் சொசைட்டி அறிஞர்களில் ஜார்ஜ் ஸ்டோக்ஸ் இது பழைய தூண்டல் விளைவுதான் என்று சொல்லிவிட, மனம் சோர்ந்த ஹியூஸ் வெளியிடாமலே விட்டார். 1899இல்தான் அந்தக் கதை அச்சேறியது. அதே 1899இல் கல்கத்தாவின் ஜகதீஷ் சந்திர போஸ், உலோகத் தொடுகைகள் ரேடியோ அலையில் திடீரென்று கடத்தத் தொடங்குவதையும், சில தாமாகவே பழைய நிலைக்குத் திரும்புவதையும் பற்றி ராயல் சொசைட்டிக்குக் கட்டுரை அளித்தார். கம்பியில்லாத் தந்தியின் முதல் காதுகள் இப்படிப்பட்ட அரைகுறைத் தொடுகைகளே. பழைய மிக்சரில் சிலசமயம் அழைக்காமலே ஒரு வானொலி நிலையம் பாடுவதற்கு இதுவும் ஒரு காரணம். படலம் மூடிய தொடுகை டையோடுபோல் நடந்துகொண்டு, கேபிளில் ஏறிய வானொலி அலையிலிருந்து குரலைப் பிரித்துக் கொடுத்துவிடுகிறது.

படலம் எங்கும் படியும். வேலூர், பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை வட்டாரத்தில் அதற்கு வேறொரு துணையும் இருக்கிறது. குடியாத்தம் லுங்கிக்கும் தீப்பெட்டிக்கும் பேர்போன ஊர். ஆனால் சவுண்ட் சர்வீஸ் வண்டி ஊருக்குள்ளேயே நிற்பதில்லை. தோல் பதனிடும் டேனரி இருக்கிற எல்லா ஊர்க் கல்யாணத்துக்கும் பள்ளிவாசல் கூட்டத்துக்கும் போய்வரும். தோலில் உள்ள முடியை நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்ஃபைடு சேர்ப்பார்கள். அந்தக் கழிவுநீரில் அமிலத்தன்மை கூடினாலும், கசடு காற்றில்லாமல் தேங்கிப் பாக்டீரியா வேலையைத் தொடங்கினாலும் ஹைட்ரஜன் சல்ஃபைடு கிளம்பும். அழுகிய முட்டை வாடை. தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கிய தொழிலாளர்களைக் கொல்கிற வாயு அது. அந்த உயிர்களுக்கு முன்னால் மிக்சர் ஒரு பொருட்டே இல்லை. ஆனால் மனிதர்களை ஒன்றும் செய்யாத மிகக் குறைந்த அளவிலேயே அது வெள்ளியையும் செம்பையும் கருக்கத் தொடங்கிவிடும்.

ஆலைகளின் கட்டுப்பாட்டு அறைகளுக்காக அமெரிக்காவின் ஐ.எஸ்.ஏ. அமைப்பு 1985இல் ஒரு தரநிலை வெளியிட்டது. அதன்படி மின்னணுக் கருவிகளுக்குப் பாதுகாப்பான காற்றில் ஹைட்ரஜன் சல்ஃபைடு நூறு கோடியில் மூன்று பங்குக்குக் குறைவாக இருக்க வேண்டும். ஐம்பது பங்கைத் தாண்டினால் மிகக் கடுமையான வகை. அந்தப் பாதுகாப்பான வகையிலேயே, வெறும் செம்பில் மாதம் 30 நானோமீட்டர்வரை படலம் வளர இடமிருக்கிறது. மனித மூக்கு இந்த வாடையை உணரத் தொடங்குவதும் நூறு கோடியில் சில பங்கு அளவில்தான். ஆகவே வாடை தெரிகிற இடம் மிக்சருக்கு ஆகாத இடம் என்று வைத்துக்கொள்ளலாம். தனிக் கருவி வேண்டாம்.

உலகின் வேறு மூலைகளிலும் இது நடந்திருக்கிறது. 2006 ஜூலை 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் மின்னணுப் பொருட்களில் காரீயத்துக்குத் தடை விதித்தது. சில தயாரிப்பாளர்கள் பலகைகளுக்குக் காரீயப் பூச்சை விட்டுவிட்டு வெள்ளிப் பூச்சுக்கு மாறினார்கள். காகித ஆலை, ரப்பர் ஆலை, கார் வடிவத்தைக் கந்தகம் கலந்த களிமண்ணில் பிசைந்து பார்க்கும் கூடங்கள் போன்ற இடங்களில் இருந்த கம்ப்யூட்டர்கள் சீக்கிரமே பழுதாயின. திறந்து பார்த்தால், சல்ஃபைடு பலகைமேல் ஊர்ந்து ஒரு கோட்டையும் அடுத்த கோட்டையும் இணைத்திருந்தது. சல்ஃபைடு படலம் ஆக்சைடைப்போல மின்சாரத்தை முழுதாக மறிப்பதில்லை. கொஞ்சம் விடும். எவ்வளவு விடும் என்பது சூட்டுக்கும் அழுத்தத்துக்கும் தக்க மாறிக்கொண்டே இருக்கும். கோளாறைப் பிடிப்பது கடினமாவது இதனால்தான். தங்கம் சல்ஃபைடு ஆவதில்லை. விலை கூடிய ஜாக்குகளில் தங்கமுலாம் பூசுவது அழகுக்காக அல்ல.

இனி தேடும் முறை. அனுபவமுள்ள மெக்கானிக் முதலில் ஸ்க்ரூ டிரைவரை எடுப்பதில்லை. "எப்பண்ணா போகுது?" என்று கேட்கிறார். எல்லாச் சேனலும் ஒன்றாகப் போகிறதா, ஒன்று மட்டுமா? ஒன்றாகப் போனால் பவர் சப்ளை, மெயின் பகுதி, ரிப்பன் கேபிள். ஒன்று மட்டும் என்றால் முதலில் மைக்கையும் கேபிளையும் வேறு சேனலுக்கு மாற்றிப் பார்க்க வேண்டும். மிக்சரைக் குற்றம் சொல்லிக்கொண்டு வருபவர்களில் பலருக்குக் கோளாறு கேபிள் முனையில்தான் இருக்கிறது. கோளாறு அதே சேனலில் நின்றுவிட்டால், அடுத்த உதவி பி.எஃப்.எல். பட்டன். அது ஃபேடருக்கு முன்னால் உள்ள குரலை ஹெட்போனுக்குத் தரும். வெளியே சத்தம் போன அந்த நொடியில் பட்டனை அழுத்துங்கள். ஹெட்போனில் குரல் தெளிவாக இருந்தால், கெயின், இன்சர்ட், டோன் குமிழ்கள் எல்லாம் நிரபராதிகள். மியூட் சுவிட்ச், ஃபேடர், பேன் மட்டுமே மிச்சம். ஹெட்போனிலும் குரல் இல்லையென்றால் நேராக இன்சர்ட் ஜாக்குக்குப் போகலாம்.

இன்சர்ட் ஜாக்கைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். என் கணிப்பில், பழைய மிக்சரில் ஒற்றைச் சேனல் மங்குவதற்கு இதைவிட அதிகமாகக் குற்றவாளி ஆவது வேறெதுவும் இல்லை. கம்ப்ரெசர் போன்ற வெளிக்கருவியை நடுவில் சேர்ப்பதற்காக வைத்த ஓட்டை அது. பிளக் செருகினால் குரல் வெளியே போய்த் திரும்பும். செருகாதபோது, ஜாக்குக்குள் இருக்கும் ஒரு வளைந்த ஸ்பிரிங் தகடு இன்னொரு சிறு தகட்டின்மேல் சாய்ந்து வழியை மூடித் தருகிறது. நம் ஊர் மேடைகளில் அந்த ஓட்டையில் யாரும் எதையும் செருகுவதே இல்லை. வருஷக்கணக்கில் அந்த இரு தகடுகளும் அசையாமல், உரசாமல், ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்தபடி புழுதியும் கந்தகமும் வாங்கிக்கொண்டு கிடக்கின்றன. குரல் முழுவதும் அவற்றின் வழியாகத்தான் போகிறது. ஒரு ஜாக்கின் மூடியைப் பிரித்துச் சிறு டார்ச்சும் லென்சும் வைத்துப் பாருங்கள். தகட்டின் முதுகு இன்னும் வெண்மையாக மின்னும். சாய்ந்திருக்கும் இடத்தைச் சுற்றி மட்டும், பழைய வெள்ளிக் கொலுசின் இடுக்கில் படிவதுபோல், மங்கிய பழுப்பில் தொடங்கிக் கறுப்பில் முடியும் ஒரு வளையம் தெரியும்.

சோதனை எளிது. ஒரு நல்ல பிளக்கை இன்சர்ட் ஓட்டையில் பலமுறை செருகி எடுங்கள். உரசலில் படலம் தேய்ந்து, சேனல் உயிர்பெற்றால் குற்றவாளி பிடிபட்டுவிட்டார். மேடையில் அந்த இரவை ஓட்டுவதற்கு இது போதும். நிலையான தீர்வுக்கு, கரன்டைப் பிடுங்கிவிட்டுக் கான்டாக்ட் கிளீனரைப் பிளக்கில் லேசாகத் தெளித்துச் செருகி எடுக்க வேண்டும்; அல்லது ஜாக்கையே மாற்ற வேண்டும். துருப்பிடித்த நட்டுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்ப்ரேயை மிக்சருக்குள் அடிக்காதீர்கள். அன்றைக்குப் பிரமாதமாக வேலை செய்யும். பின்பு அந்த எண்ணெய் புழுதியைப் பிடித்து வைத்துக்கொண்டு ஃபேடரைப் பாழாக்கிவிடும். உப்புத்தாளும் வேண்டாம், மெல்லிய முலாம் போய்விட்டால் அடியில் இருக்கும் பித்தளை இன்னும் வேகமாகக் கறுக்கும்.

வெயில் ஏறிய பிறகே போகிறது, அல்லது ஆன் செய்து ஒரு மணி நேரம் கழித்தே போகிறது என்றால் கதை வேறு. இப்போதுதான் ஈயப்பற்றை நினைக்க வேண்டும். வேலூர் வெயிலில், பந்தல் நிழல்கூட இல்லாத மேசையில் வைத்த கறுப்பு மிக்சரின் உள்சூடு வெளிக்காற்றைவிட வெகுவாக ஏறும். ஒரு டிகிரி சூட்டுக்குச் செம்பு பத்து லட்சத்தில் 17 பங்கு விரிகிறது. பலகையின் கண்ணாடியிழை எபாக்ஸியோ தடிமன் வாக்கில் அதைப்போல் மூன்று மடங்குக்குக் குறையாமல் விரியும். இரண்டையும் பிணைத்து நிற்பது ஒரு சொட்டு ஈயம். பகலில் விரிந்து இரவில் சுருங்கி, அதோடு யாரோ கால் தடுக்கிக் கேபிளை இழுத்த இழுப்பையும் தாங்கி, ஜாக்கின் பின்னைச் சுற்றி அந்த ஈயம் வெடிக்கிறது. லென்சில் பார்த்தால் பின் நடுவில் நிற்க, அதைச் சுற்றி ரோமம் போன்ற மெல்லிய கறுப்பு வட்டம். மெக்கானிக்குகள் டிரை சால்டர் என்று சொல்வதில் இதுவும் சேர்த்தி. சூட்டில் பிரிந்து குளிரில் சேரும். சில பற்றுகள் தலைகீழாகவும் நடந்துகொள்ளும். மேசையில் ஹேர் டிரையரால் ஒரு பகுதியை மட்டும் சூடாக்கியும், குளிர் ஸ்ப்ரேயால் ஆற்றியும், மரக்குச்சியால் மெல்லத் தட்டியும் இடத்தைக் கண்டுபிடிக்கலாம். பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக வைக்க வேண்டும். காரீயம் கலந்த பழைய வகை 183 டிகிரியில் உருகும். காரீயம் இல்லாதது ஏறக்குறைய 217 டிகிரி கேட்கும். சூடு போதாத அயர்னால் தடவினால் மேலே பளபளக்கும், உள்ளே வெடிப்பு அப்படியே இருக்கும்.

மூடியைத் திறப்பவர்களுக்கு ஒரு சொல். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பவர் சப்ளையின் பெரிய கெப்பாசிட்டரில் மின்னூட்டம் நிற்கும். சுவிட்ச் மோடு சப்ளை என்றால் அது 300 வோல்ட்டுக்கு மேல். பழக்கமில்லாதவர் அந்தப் பக்கம் கை வைக்கவே கூடாது.

குமிழைத் திருப்பினால் வரும் கரகரப்பு எல்லோருக்கும் தெரிந்தது. கார்பன் பூசிய தடத்தில் ஊரும் முள்ளுக்கடியில் புழுதி. கிளீனர் அடித்தால் சரியாகிவிடும். சரியான வாரத்திலேயே கரகரப்பு திரும்பிவிட்டால் குமிழை மாற்றப் போகாதீர்கள். மல்டிமீட்டரை டிசி-யில் வைத்துக் குமிழின் நடுக்காலைத் தொட்டுப் பாருங்கள். அங்கே ஏறக்குறைய பூஜ்யம் இருக்க வேண்டும். வோல்ட் தெரிந்தால், முந்தைய கட்டத்தின் டிசி-யைத் தடுத்து நிறுத்த வேண்டிய எலக்ட்ராலிட்டிக் கண்டென்சர் கசிகிறது என்று பொருள். சூடு பத்து டிகிரி கூடினால் அதன் ஆயுள் பாதியாகும் என்பது துறையில் எல்லோரும் கையாளும் கணக்கு. நம் கோடையில் அது சீக்கிரம் மூப்படைவதில் வியப்பில்லை. புதிதாகப் போடும்போது 85 டிகிரி வகையைத் தவிர்த்து 105 டிகிரி வகையைக் கேட்டு வாங்குவது நல்லது.

வண்டிப் பயணம் தருவது இன்னொரு வகைத் தேய்மானம். ரிப்பன் கேபிளின் வெள்ளீய முலாம் பூசிய பின்கள் ரோட்டுக் குலுக்கலிலும் பாஸ் ஸ்பீக்கரின் அதிர்விலும் மைக்ரோமீட்டர் கணக்கில் முன்னும் பின்னும் உரசிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு உரசலிலும் புது உலோகம் வெளிப்பட்டு ஆக்சைடு ஆகும், அந்தத் தூள் அங்கேயே சேரும். ஒரு பக்கத்துச் சேனல்கள் கூட்டமாகப் போய்வந்தால் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். கழற்றி மாட்டினாலே பெரும்பாலும் போதும்.

பழைய மிக்சர் வாங்கப் போகிறவர் கடையில் ஒரு பாட்டு போட்டுக் கேட்டுவிட்டுப் பணம் கொடுத்துவிடக் கூடாது. மிக்சர் நன்றாகச் சூடேறும்வரை ஓட விட வேண்டும். சொந்த மைக்கும் கேபிளும் கொண்டுபோய், ஒவ்வொரு சேனலிலும் மெல்லிய குரலில் பேச வேண்டும். கத்திப் பேசினால் படலம் உடைந்து கோளாறு மறைந்துகொள்ளும். ஜாக்குகளை விரலால் லேசாக ஆட்டிப் பார்க்க வேண்டும். இரண்டு மூன்று சேனல் மங்குகிறது என்பதற்காக நல்ல மிக்சரை ஒதுக்கவும் வேண்டாம். விலை குறையக் காரணம் கிடைத்துவிட்டது, பழுதோ சில ஜாக்குகளில்தான் இருக்கும். மாற்று ஜாக் சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும். பழையதைக் கழற்றிக் கையோடு கொண்டுபோய் கால்களை எண்ணி ஒப்பிட்டு, உள்ளே சுவிட்ச் தகடு உள்ள வகைதானா என்று பார்த்து வாங்க வேண்டும். சுவிட்ச் இல்லாத ஜாக்கை இன்சர்ட் இடத்தில் வைத்துப் பற்றவைத்தால், பிளக் செருகாதவரை அந்தச் சேனலில் குரல் வரவே வராது.